மனைவி பெற்றுக்கொண்டார்

தையல்காரம்மா ஓவர்லாக் மெஷினுக்கு இருபத்து நான்கு தவணையும் கட்டி முடித்துப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. ரசீதுகளை ஒன்றுவிடாமல் பட்டன் டப்பாவில் வைத்திருந்தாள். ஆனாலும் கடன் கம்பெனியிடமிருந்து ஒரு தீர்ப்பு வந்தது: பாக்கியைக் கட்டாவிட்டால் திங்கட்கிழமை மெஷினைத் தூக்கிச் செல்வார்கள்.

தீர்ப்புச் சொன்னவர் நீதிபதி அல்ல, நடுவர். தகராறு வந்தால் கம்பெனி நியமிக்கும் நடுவரே தீர்த்து வைப்பார் என்று கடன் பத்திரத்தின் ஏழாம் பக்கத்தில் எறும்பு எழுத்தில் போட்டிருந்தது. அவருக்குக் கம்பெனிக் கட்டிடத்திலேயே மூன்றாவது மாடியில் அறை. சம்பளமும் கம்பெனியுடையதுதான். பாரபட்சம் பார்க்க அவருக்கு நேரம் ஏது? ஒரே நாளில் அறுபது வழக்குகளைத் தீர்த்திருந்தார், பாவம். "இரு தரப்பையும் விரிவாகக் கேட்டோம்" என்று தீர்ப்பு தொடங்கியது. வீட்டில் அவள் வாயைத் திறந்தாலே டிவி சத்தத்தைக் கூட்டுவார்கள். அவள் போகாத இடத்தில் விரிவாகக் கேட்டிருக்கிறார்கள்.

விசாரணைக்கு அழைத்து எந்த நோட்டீசும் வரவில்லை. தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லிக் கோர்ட்டில் மனுப் போட்டவள், நோட்டீஸ் கொடுத்ததாகக் கம்பெனி ஏஜென்ட் எழுதிய அறிக்கையின் நகலையும் வாங்கி வந்தாள்.

"கடன்தாரர் வீட்டில் இல்லை. அவருடைய மனைவி பெற்றுக்கொண்டார். கையெழுத்திட மறுத்தார்."

லாரி ஓட்டும் கணவர் அதை இரண்டு முறை படித்தார்.

"அப்ப இந்த வீட்ல நான் யாருடி?"

"அவ வந்தா கேட்டுச் சொல்றேன்."

"சமைப்பாளான்னும் கேளு."

"சமைக்கிறவளா இருந்தா நானே தேடிக் கூட்டிட்டு வந்திருப்பேனே."

விசாரணையன்று கோர்ட் வராந்தாவில் கம்பெனி வக்கீல் கருணையோடு நெருங்கினார்.

"ஏம்மா இழுத்துக்கிட்டு? பாதி கட்டுங்க, இன்னைக்கே முடிச்சிரலாம்."

"கட்டி முடிச்சதுலயே பாதியா சார்?"

கேட்டுவிட்டாளே தவிர, அரை நிமிடம் யோசிக்கத்தான் செய்தாள். மெஷின் போனால் பள்ளிச் சீருடை ஆர்டரும் போய்விடும். பிறகு மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள்.

நீதிபதி அறிக்கையைப் படித்துவிட்டு ஏஜென்ட்டைக் கூப்பிட்டார்.

"நோட்டீஸ் வாங்கின மனைவி எப்படி இருந்தாங்க?"

"நடுத்தர உயரம் ஐயா."

"இதோ நிக்கிறாங்களே, இவங்கதான் கடன் வாங்கினவங்க."

ஏஜென்ட் அப்போதுதான் அவளை முதல் தடவையாகப் பார்த்தார்.

"எல்லாருக்கும் அப்படித்தான் ஐயா எழுதுவோம்."

"எல்லாருக்குமா?"

"வீடு வீடாப் போய்க்கிட்டிருந்தா ஒரு நாளைக்கு அறுபது எப்படிங்கய்யா முடியும்?"

கம்பெனி வக்கீலுக்குத் திடீரென்று இருமல் வந்தது.

நீதிபதி நடுவரின் தீர்ப்பை ரத்து செய்தார். மீதி ஐம்பத்தொன்பது கோப்புகளையும் கொண்டுவரச் சொன்னார். பாக்கி இருப்பதாகக் கம்பெனி இன்னும் நினைத்தால், முறையாக நோட்டீஸ் கொடுத்து இதே கோர்ட்டில் அவளுடைய ரசீதுகளுக்கு எதிரே கணக்கு வைத்து நிரூபிக்கட்டும் என்றார். "அதுவரைக்கும் மெஷின் மேல யாரும் கை வைக்கக் கூடாது."

வெளியே வந்ததும் வக்கீல் பேனாவைத் திறந்துகொண்டு பின்னாலேயே வந்தார். குரலில் தேன் சொட்டியது.

"புது நோட்டீஸ் அனுப்பணும்மா. உங்க விலாசம் சரியாத் தெரியல. கொஞ்சம் சொல்றீங்களா?"

"திங்கட்கிழமை மெஷினத் தூக்க வர்றதுக்கு ஒரு விலாசம் வச்சிருந்தீங்களே சார், அது சரியாத்தான் இருக்கும்."