தெரிந்த குரல்

அடுத்தவர் பேசியதைக் கேட்டு எழுத்தாக்குவதுதான் தமிழ்வேந்தனுக்குச் சோறு போடுகிறது. குடியாத்தம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் டைப்பிங் சென்டர் வைத்திருக்கிறான். இந்த மாதம் கெசியா என்ற ஆராய்ச்சி மாணவி, ஆம்பூர் ஷூ கம்பெனிப் பெண்களிடம் எடுத்த பேட்டிகளைக் கொடுத்திருந்தாள். வீட்டில் யார் பேச்சு எடுபடுகிறது என்பதுதான் அவள் ஆராய்ச்சி. பேட்டிகளில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். தெரிந்த குரல் காதில் பட்டால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும் என்று அவனிடம் கையெழுத்தும் வாங்கியிருந்தாள். கையெழுத்துப் போட என்ன, கை வலிக்கவா போகிறது?

பதினோராம் பேட்டியில் பேசியது அவன் மனைவி பாக்யலட்சுமி. பேட்டி கொடுத்ததாக அவள் வீட்டில் மூச்சுக்கூட விடவில்லை. அவன் நிறுத்தியிருக்க வேண்டும். கட்டியவள் தன்னைப் பற்றி வெளியே என்ன சொல்கிறாள் என்று கேட்காமல் இருக்க அவன் என்ன சாமியாரா?

"சூப்பர்வைசரா வர்றியான்னு கேக்கறாங்க மேடம். வேணாம்னுதான் சொல்லப் போறேன். எங்க வூட்டுக்காரருக்குக் கடையில வரும்படி கம்மி. நான் ஜாஸ்தி சம்பாதிச்சா அவரு மனசு தாங்காது. நல்ல மனுசன்தான், ஆனா தாங்காது."

அவமானமாக இருந்தது. அந்த 'நல்ல மனுசன்'தான் அதிகமாகச் சுட்டது. கெசியாவுக்குப் போன் போட்டு ஒப்புக்கொண்டான்.

"முழுசா கேட்டுட்டீங்களாண்ணா?"

"கேட்டுட்டேம்மா."

"உங்க வீட்ல யாரு எங்க வேலை பாக்கறாங்கன்னு நான் முன்னாடியே விசாரிச்சிருக்கணும். தப்பு என்னுது. ஆனா அவங்க என்னை நம்பிச் சொன்னது உங்க வாயால வெளிய வரக்கூடாது."

சரி என்று சொல்லிவிட்டான். ஆனால் அந்த சூப்பர்வைசர் வேலையை பாக்யலட்சுமி விட்டுவிடக் கூடாது. பேட்டியைக் கேட்டுவிட்டதாக அவளிடம் காட்டிக்கொள்ளவும் கூடாது. அன்று முழுக்க அவனுக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

கம்பெனி பஸ்ஸில் வந்து, சமைத்து, அவள் சோறு போட்டபோது மெல்ல ஆரம்பித்தான்.

"உங்க கம்பெனில சூப்பர்வைசருக்கு ஆளு எடுக்கறாங்களாமே. உன்ன கேக்கலையா?"

"நம்மள யாரு கேக்கறாங்க?" என்று குழம்பை ஊற்றினாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாள். வழக்கமாக இந்த இடத்தில் தமிழ்வேந்தன் பொரிந்து தள்ளியிருப்பான். ஆனால் அந்தப் பேட்டிகளைத் தட்டித் தட்டி ஒன்று கற்றிருந்தான். முதல் பதில் வந்ததும் கெசியா அடுத்த கேள்விக்குத் தாவ மாட்டாள். சும்மா இருப்பாள். கொஞ்ச நேரத்தில் எதிரில் இருப்பவர் தானாகப் பேசுவார். அவனும் சும்மா சாப்பிட்டான்.

"கேட்டாங்க," என்றாள் கடைசியில். "வேணாம்னுட்டேன். நாள் பூரா நின்னுகினே இருக்கணும். கால் வலி."

"எப்ப சொன்ன?"

"முந்தாநேத்து. என்கூட வேலை செய்யற வஜீதாவப் போட்டுட்டாங்க."

அவன் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே வைத்தான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. ஒத்துக்கன்னு சொல்லியிருப்பேன்."

"சொல்லியிருப்பீங்க. நான் இல்லன்னு சொல்லல," என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். "அதுக்கப்புறம் மாசக்கணக்குல மூஞ்சியத் தூக்கி வச்சிகினு இருந்திருப்பீங்க."

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தான். அவள் சொன்னதுதான் நடந்திருக்கும் என்று அவனுக்கே தெரிந்திருந்ததால் அந்த ஒரு வார்த்தை வரவில்லை.