ஏசி மேல் போட்ட பழி

எங்கள் கட்டடத்தில் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள யாரையும் கேட்க வேண்டியதில்லை. மொட்டை மாடிக்குப் போனால் போதும். வீட்டுக்கு ஒரு துணிக்கொடி கட்டியிருக்கிறது. எந்த வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார், யார் வேலையை விட்டுவிட்டு யூனிஃபார்ம் துவைக்காமல் கிடக்கிறார், எந்த மாமியாரும் மருமகளும் பேசிக்கொள்வதில்லை, எல்லாவற்றையும் கொடியைப் பார்த்தே சொல்லிவிடுவேன். கரையான்சாவடி மெயின் ரோட்டுக் கடைகளுக்குப் பின்னால் இருக்கும் இந்த மூன்று மாடிக் கட்டடத்தில் எனக்குத் தெரியாமல் ஒரு கைக்குட்டைகூடக் காய்ந்ததில்லை. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் கணவர் பாஸ்கரன் இதை வியாதி என்பார். நான் அக்கறை என்பேன்.

இவ்வளவு அக்கறை உள்ள என் வீட்டில்தான் என் மகன் கிஷோர் படுக்கையை நனைத்துக்கொண்டிருந்தான். ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு. தூங்கிவிட்டால் காதருகில் தவில் வாசித்தாலும் எழுந்திருக்க மாட்டான். ராத்திரிப் பாலை நிறுத்தினேன். பாதித் தூக்கத்தில் எழுப்பிப் பாத்ரூம் வாசலில் நிறுத்தினேன். அங்கேயும் நின்றபடி தூங்கினான். எள் தின்றால் நின்றுவிடும் என்றார்கள், கடையில் எள்ளுருண்டை வாங்கிக் கொடுத்தேன். அதை மட்டும் விரும்பிச் சாப்பிட்டான்.

"நானும் மூணாவது படிக்கிற வரைக்கும் போயிகினுதான் இருந்தேன்," என்றார் பாஸ்கரன், ஓட்டப் பந்தயத்தில் பரிசு வாங்கியதைச் சொல்வதுபோல.

"பொண்ணு பாக்க வந்தப்பவே சொல்லியிருக்கலாமில்ல?"

"நீதான் என்னப் பத்தி ஊரெல்லாம் விசாரிச்சியாமே. இத்த மட்டும் எப்டி உட்ட?"

போர்வைகளை வீட்டுக்குள்ளேயே ஃபேன் காற்றில் காயவைத்துவிடலாம். மெத்தையை என்ன செய்வது? ஆடித் தள்ளுபடியில் வாங்கிய தடிமனான மெத்தை. வெயில் படாவிட்டால் வீடே காட்டிக்கொடுத்துவிடும். எல்லோரும் மதியச் சாப்பாட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து, திருட்டுப் பொருளைக் கடத்துபவள்போல மாடிக்குத் தூக்கிப்போய்க் கைப்பிடிச் சுவரில் போட்டேன்.

இதற்கு நடுவில் காலாண்டு விடுமுறை வந்தது. என் அண்ணன் கஜபதி வீடு குத்தம்பாக்கத்தில் இருக்கிறது. விடுமுறை முழுவதும் அங்கேதான் இருப்பேன் என்று கிஷோர் முடிவு செய்துவிட்டான். அண்ணன் மகன் ஜீவாவும் இவனும் ஒரே வயது. ஹாலில் பாய் விரித்து, பிள்ளைகள் எல்லோரும் வரிசையாகப் படுத்துக்கொள்வார்களாம். பரீட்சை முடிந்த அன்றே ஸ்கூல் பையைக் கவிழ்த்துப் புத்தகங்களைக் கொட்டிவிட்டு, இரண்டு டவுசரும் ஒரு பந்தும் எடுத்து வைத்துவிட்டான்.

நான் போகக் கூடாது என்றேன். அவனுக்குச் சளி என்று அண்ணனிடம் சொன்னேன். உண்மைக் காரணம் அண்ணி கனிமொழி. அண்ணி வீட்டு அடுப்படியைப் பற்றி, குளியலறையைப் பற்றி, துணி மடிக்கும் அழகைப் பற்றியெல்லாம் சொந்தக்காரர்களிடம் நான் ஏற்கெனவே விளக்கமாகப் பேசியிருந்தேன். அந்த வீட்டுப் பாயை என் பிள்ளை நனைத்தால் அண்ணி சும்மா விடுவாளா? நானாக இருந்தால் விட மாட்டேன்.

கிஷோர் பையைப் பிரிக்கவில்லை. அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டே படுத்தான். காலையில் ஈரத்தில் எழுந்ததும் என் முகத்தைத்தான் முதலில் பார்த்தான். ஒருநாள், "இன்னிக்கும் போக முடியாதுல்லம்மா?" என்று அவனாகவே கேட்டுவிட்டு டவுசரைக் கழற்றினான். நான் மெத்தையைத் தூக்கினேன்.

அன்றைக்கென்று எதிர்வீட்டு லத்தீஃபா அக்கா, மதியச் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு மாடியில் வத்தல் திருப்பிக்கொண்டிருந்தார்.

"இன்னா சித்ரா, புது மெத்தையப் போயி வெயில்ல வாட்டுற?"

"ஏசி ஒழுகுதுக்கா. தண்ணி நேரா மெத்தை மேலயே சொட்டுது."

எவ்வளவு வேகமாக வந்தது அந்தப் பொய். எனக்கே பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையில், அக்காவின் தம்பி ஜமீர் ஏசி மெக்கானிக் என்பதை மறந்துவிட்டேன். கட்டடத்தில் எல்லோருடைய பிறப்பு வளர்ப்பும் தெரிந்த எனக்கு இது மறந்துபோகிறது என்றால் பாருங்கள்.

அடுத்த நாள் காலையிலேயே ஏணியோடு ஜமீர் வந்து நின்றார். "அக்கா அனுப்பிச்சி. மெத்தையெல்லாம் நாறிப்போவுதாமே."

வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் தோன்றவில்லை. ஏணியைப் போட்டு ஏறினார். மூடியைக் கழற்றினார், டார்ச் அடித்தார், குழாயில் வாய் வைத்து ஊதினார். எல்லாம் பாலைவனம்போல உலர்ந்திருந்தது. பிறகு ஏணியில் இருந்தபடியே திரும்பிப் பார்த்தார். ஏசி ஒரு சுவரில் இருக்கிறது. கட்டில் எதிர்ச்சுவரில் ஒட்டியிருக்கிறது.

"ஏம்மா, தண்ணி இங்கேர்ந்து அங்க எப்டிப் போவும்? தாவியா?"

"காத்து அடிக்குதுல்ல," என்றேன்.

ஜமீர் நேர்மையான மனிதர். அப்படியும் இருக்குமோ என்று காற்று வரும் பக்கம் கையை நீட்டிப் பார்த்தார். கீழே எள்ளுருண்டையோடு நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த கிஷோருக்குத்தான் மனசு கேட்கவில்லை.

"ஏசி இல்ல மாமா. நான்தான். தூக்கத்துல மூச்சா போயிடுறேன். அதனாலதான் ஜீவா ஊட்டுக்கு அனுப்ப மாட்டேங்கிறாங்க."

அவன் முகத்தில் வெட்கமே இல்லை. மொத்த வெட்கமும் என் முகத்துக்கு வந்துவிட்டது. ஜமீர் என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், கையிலிருந்த மூடியைப் பார்த்தார்.

"சரி. இவ்ளோ தூரம் கழட்டியாச்சி. சர்வீஸ் பண்ணிட்டே போறேன்."

அவர் போனதும் நான் கணக்குப் போட்டேன். இந்த மாதிரிச் செய்தி என் கையில் கிடைத்திருந்தால் சாயங்காலத்துக்குள் தரைத்தளம் வரை போயிருக்கும், மறுநாள் காலையில் பால் பூத்தில் பேசியிருப்பார்கள். கதவைத் தாழ்போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். சாயங்காலம் கதவு தட்டப்பட்டது.

மேல்வீட்டு விஜி. கையில் ஒரு எவர்சில்வர் டப்பா, அக்குளில் சுருட்டி வைத்த ரப்பர் ஷீட்.

"லத்தீஃபாக்கா சொன்னாங்க. இது நல்ல ஷீட்டு, மெத்தைய மூடி விரிச்சிடுங்க. எங்க சிம்ரனுக்கு வாங்கினது, இப்ப தேவைப்படல."

"சிம்ரனுக்கா?" என்றேன். விஜியின் மகள் சிம்ரன், மூன்றாம் வகுப்பில் முதல் ரேங்க் வாங்குகிற பெண்.

"போன வருசம் பூரா நாங்க மெத்தைய காயவெச்சோமே. நீங்க மேல வந்து 'பூனை உள்ள பூந்துடுச்சா?'ன்னு கேட்டீங்க. எனக்கும் வசதியாப் போச்சி, ஆமான்னுட்டேன்."

அந்தப் பூனையைப் பிடிக்க வாட்ச்மேனைக் கிளப்பிவிட்டு, படிக்கட்டு முழுவதும் மிளகாய்த்தூள் தூவியவள் நான். லத்தீஃபா அக்கா ஒருமுறை கத்திரி வெயிலில் மெத்தை போட்டிருந்தார். ஜன்னலில் சாரல் அடித்துவிட்டது என்றார். கத்திரியில் சாரல். ஐயோ பாவம் என்று நாலு பேரிடம் சொன்னதும் நான்தான்.

விஜி ஆவடியில் ஒரு குழந்தை டாக்டரிடம் காட்டினாளாம். பிள்ளை வேண்டுமென்று செய்வதில்லை, திட்டவே கூடாது என்றாராம். பகலில் நன்றாகத் தண்ணீர் குடிக்கவைத்து, சாயங்காலத்துக்கு மேல் குறைத்து, படுக்கும் முன்னால் பாத்ரூம் அனுப்பி, மலச்சிக்கல் இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும், பெரும்பாலும் தானாகவே நின்றுவிடும் என்றாராம்.

"டப்பாவுல இன்னா?"

"எள்ளுருண்ட. டாக்டர் இதப் பத்தி ஒண்ணும் சொல்லல. எங்க மாமியாருக்காகக் கொடுத்துகினு இருந்தோம். போன வருசம் நீங்ககூட வந்தப்பல்லாம் எடுத்துச் சாப்ட்டீங்களே."

சாப்பிட்டேன். முடி வளர என்று நினைத்துக்கொண்டு சாப்பிட்டேன்.

அவள் போனதும் கிஷோர் ரப்பர் ஷீட்டைச் சுருட்டித் தன் பைக்குள் திணித்தான். பாதிதான் போனது. மீதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. "இப்ப போலாம்ல?" என்றான்.

அண்ணிக்குப் போன் போட்டேன். நலம் விசாரித்தேன், மழை விசாரித்தேன், சளி குறைந்துவிட்டது என்றேன். விஷயத்துக்கு வர வாய் வரவில்லை. ஊர் விஷயத்துக்கெல்லாம் வருகிற வாய். கிஷோர் எட்டிப் போனைப் பிடுங்கினான்.

"அத்தே, நான் தூக்கத்துல மூச்சா போயிடுவேன். ஷீட்டு எடுத்துகினு வரட்டா?"

ஸ்பீக்கர் போடாமலே எனக்குக் கேட்கும்படி அண்ணி சொன்னாள்: "நீ வா கண்ணு. உங்கம்மா வந்து என் அடுப்படிய நோட்டம் உடாம இருந்தா போதும்."

பாஸ்கரன் அவனை பைக்கில் கொண்டுபோய் விட்டார். நான் போகவில்லை. அழைப்பும் இல்லை.

முதல் ராத்திரி முடிந்த காலையில் கிஷோரே போன் செய்தான். ராத்திரி மூச்சா போயிட்டேன், ஷீட்டை நானே துடைத்தேன், இப்போது பந்து விளையாடப் போகிறேன் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வைத்தான். அவன் குரலில் ஈரமே இல்லை. மறுநாள் காலையிலும் அழைத்தான்.

"அம்மா, இன்னிக்கு நான் போவல. ஜீவாதான்..."

"டேய், அத்தச் சொல்லாதடா." அண்ணியின் குரல் பின்னாலிருந்து பாய்ந்தது. போன் கட்டானது.

யோசித்துப் பாருங்கள். அண்ணி வீட்டுச் செய்தி, சுடச்சுட, கையில். எத்தனை வருடம் காத்திருந்தேன். மாடிக்கு ஓடினேன். லத்தீஃபா அக்கா வத்தலோடு இருந்தார்.

"இன்னா சித்ரா, மூஞ்சி இப்டி மின்னுது. எதுனா விசேஷமா?"

வாயைத் திறந்தேன். கைப்பிடிச் சுவரில், கிஷோர் ஊருக்குப் போன அன்று போட்ட என் மெத்தை இன்னும் காய்ந்துகொண்டிருந்தது.

"ஒண்ணுமில்லக்கா. இன்னிக்கு வெயில் நல்லா கீது."

வத்தலைத் திருப்ப உட்கார்ந்தேன். அந்தச் செய்தியை இதுவரை கட்டடத்தில் ஒருவரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் சொன்னது சேர்த்தியில்லை, உங்களுக்கு எங்கள் மாடியில் கொடி இல்லையே.