தாம்பாளத்துச் செம்மண்

கிணற்றடியில் தண்ணீர் விழும் ஓசையைக் கேட்டே தன்னைக் கட்டிய மாப்பிள்ளை மூஸா நெய்னா எந்த உறுப்பைக் கழுவிக்கொண்டிருக்கிறார் என்று மீரா உம்மாளால் சொல்லிவிட முடியும். வாய் கொப்பளித்த நீர் கல்லில் சிதறி விழும். முகத்தில் அள்ளிவிட்ட நீர் நெஞ்சில் வழிந்து, ஓசையின்றி உடுப்பில் ஊறிவிடும். முழங்கையிலிருந்து ஒழுகும் நீருக்கு ஒரு மெல்லிய தொடர்ச்சி உண்டு. கால்களுக்கு ஊற்றுவது கனத்துக் கேட்கும். கால்களோடு, தொழுகைக்கு முன் செய்யும் ஒளு முடிந்துவிட வேண்டும். அதற்குப் பின் ஒரு மௌனம் வரும். மூஸா நெய்னா குனிந்து தன் பாதங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கும் மௌனம் அது. பாயில் படுத்தபடியே அவள் காத்திருப்பாள். அநேகமாக எல்லா விடியல்களிலும் செம்பு மறுபடி குடத்துக்குள் இறங்கும். உள்ளங்கையிலிருந்து எல்லாம் திரும்பத் தொடங்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமையும் அப்படியே நடந்தது. பள்ளிவாசலில் விடியல் தொழுகைக்கான சுபுஹு பாங்கு சொல்லி, தொழுகை முடிந்து, தொழுதவர்கள் பேசிக்கொண்டே தெருவைக் கடந்து போனார்கள். கிழக்கே வெளுக்கத் தொடங்கியது. தொழுகைக்கான ஆயத்தம் தொழுகையின் நேரத்தைத் தின்றுகொண்டிருந்தது. சூரியன் எழுவதற்குச் சற்று முன்னர், ஓடி வந்தவரைப்போல் மூச்சிரைக்க, ஈரம் சொட்டச் சொட்ட அவர் தொழுது முடித்தார். மீரா உம்மாள் எப்போதோ எழுந்து, கிணற்றிலிருந்து ஒரு வாளி இறைத்து, அதில் பாதியை மிச்சம் வைத்து, தன் தொழுகையை முடித்திருந்தாள்.

அவர் ஒளு செய்தது கிணற்றை ஒட்டித்தான். ஆனால் கிணற்று நீரில் அல்ல. அந்த நீரை அவர் தொட்டு இரண்டு ஆண்டுகள் ஆகப்போகின்றன. ஒருமுறை கோழியொன்று அதில் விழுந்து செத்தது. கோழியை எடுத்துப் புதைத்து, ஆள் வைத்து நீர் முழுவதையும் இறைத்தார்கள். ஊறிய புதுநீரை, மார்க்கம் படித்த ஆலிம்சா வந்து முகர்ந்து, வாயில் விட்டுப் பார்த்து, சுத்தமென்று சொல்லிவிட்டுப் போனார். மூஸா நெய்னாவும் அப்போது தலையாட்டினார். அதற்கு முந்திய வாரந்தான் வெளியூரிலிருந்து வந்திருந்த ஒருவர், உடல் சுத்தத்தில் அசட்டையாக இருந்தவர்களுக்குச் செத்தபின் கபுருக்குழியில் கிடைக்கும் வேதனையைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசியிருந்தார். கேட்டவர்கள் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றார்கள். மூஸா நெய்னா மட்டும் அந்தப் பேச்சைத் தன்னோடு எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

காயல்பட்டினத்தில் வீடு பெண்ணுக்குரியது. மாப்பிள்ளைதான் தன் உம்மா வீட்டை விட்டுப் பெண் வீட்டுக்கு வந்து வாழ்வார். இந்த வீடும் மீரா உம்மாளுக்கு அவளுடைய வாப்பா கட்டிக் கொடுத்தது. கிணறும் அவர் தோண்டியது. அந்த நீர் அசுத்தம் என்று மூஸா நெய்னா ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவள் மறுத்துப் பேசியிருப்பாள். அவர் சத்தமின்றி அதைக் கைவிட்டார். பனந்தோட்டத்துக் கிணற்றிலிருந்து கூலிக்காரி பேச்சித்தாய் குடிப்பதற்காகச் சுமந்து வரும் நல்ல தண்ணீரில் ஒளு செய்யத் தொடங்கினார். முதலில் ஒரு செம்பு. பிறகு ஒரு குடம்.

மழை பொய்த்த இரண்டாம் வருடம் அது. தோட்டக் கிணறும் அடியில் கிடந்தது. ஊறுவதற்குக் காத்திருந்து மொள்ள வேண்டும். அந்தச் செவ்வாய்க்கிழமை பேச்சித்தாய் வந்தபோது வெயில் ஏறிவிட்டது. இடுப்பில் ஒரே ஒரு குடம். வேலைக்குக் கிளம்புமுன் மறுபடி ஒளு செய்துகொள்ள நின்ற மூஸா நெய்னா, அவள் இறக்கி வைத்த குடத்தைத் தலைகுனிந்தபடி கிணற்றடிக்கு எடுத்துச் சென்றார். பேச்சித்தாய் புறவாசல் படியில் அமர்ந்து, சும்மாட்டுத் துணியால் கழுத்தைத் துடைத்தாள்.

"ஒரு மடக்குத் தண்ணி தா தாயி. தொண்ட ஒட்டிக்கிட்டு கெடக்கு."

மீரா உம்மாள் அடுக்களைக்குப் போய்ப் பானையின் மூடியைத் திறந்தாள். முந்தின நாள் மாலையில் நிரப்பிய பானை காலியாக இருந்தது. விடியலில் அவர் ஒளுவுக்கு அதையும் தீர்த்திருக்கிறார். டம்ளருடன் கிணற்றடிக்குப் போனாள். குடம் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன் வாயிலிருந்து வழிந்த கடைசி நீர், கல்லின் பள்ளத்தில் சூரியனைக் காட்டிக்கொண்டிருந்தது. கிணற்று நீரைக் குடிக்கக் கொடுக்க முடியாது. நாக்கில் வைத்தால் கரிக்கும்.

வெறும் டம்ளரோடு அவள் திரும்பி வந்ததைப் பார்த்த பேச்சித்தாய் சும்மாட்டை உதறி மடித்தாள்.

"இருக்கட்டும். தோட்டத்துக்குத்தான போறேன், அங்கன குடிச்சுக்கிடுதேன்." படியிறங்கியவள் நின்று, குரலைத் தாழ்த்தினாள். "ஒங்க மாப்பிள்ள தெனமும் யானையவா குளிப்பாட்டுதாரு?"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். சிரிப்பு தொண்டையில் வறண்டு இருமலாக மாறியது. அந்த இருமல் பின்முடுக்குச் சந்தின் திருப்பம்வரை கேட்டது.

மூஸா நெய்னா சட்டையின் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். விரல்கள் வெடித்திருந்ததால் அதற்கு நேரம் பிடித்தது. மீரா உம்மாள் டம்ளரை அவர் முன்னால் வைத்தாள். நிக்காஹ் முடிந்த நாளிலிருந்து அவரிடம் குரல் உயர்த்திப் பேசாதவள் அவள், அப்போதும் உயர்த்தவில்லை.

"சுமந்துகிட்டு வந்தவ தாகத்தோட போறா. நீங்க எதுக்கு ஒளு செய்யுதிய?"

அவர் டம்ளரைப் பார்த்தார்.

"கால் வெரலிடுக்குல தண்ணி படலியோன்னு தோணிச்சு மீரா."

பிறகு குடையை எடுத்துக்கொண்டு தூத்துக்குடி பஸ்ஸுக்குப் போனார். புதுத் துறைமுகத்தில், கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளைச் சரிபார்க்கும் வேலை அவருக்கு. அதில் அவர் தவறு செய்ததாக யாரும் சொன்னதில்லை. எதையும் ஒருமுறைக்கு இருமுறை பார்க்கும் குணத்தை அங்கே மெச்சினார்கள்.

மாடியில் இருந்த உவைஸ் காக்கா எல்லாவற்றையும் கேட்டிருந்தார். மீரா உம்மாளின் ஒரே அண்ணன், கொழும்பில் கடை, விடுமுறைக்கு வந்து ஒரு மாதமாகிறது. மத்தியானம் சோறு உண்டு கைகழுவியவர், கழுவிய கையை வேண்டுமென்றே ஒருதரம் உதறிவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"வீடு ஒன்னோடது. மாப்பிள்ளைய கொஞ்ச காலம் அவரு உம்மா வீட்டுல இருக்கச் சொன்னா ஊரு ஒண்ணும் சொல்லிறாது. வெள்ளிக்கிழம ஜும்ஆவுக்குப் பொறவு நானே பேசுதேன்."

கொஞ்ச காலம் என்பதற்கு இந்த ஊரில் என்ன பொருள் என்று இருவருக்கும் தெரியும். அப்படிப் போன மாப்பிள்ளைகளின் செருப்பு பெண் வீட்டு வாசலுக்குத் திரும்பியதாக அவள் கண்டதில்லை. வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. காக்கா அவளுடைய மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு மாடியேறினார். அவள் எச்சில் தட்டை எடுத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். கோபப்பட்டிருக்கலாம். கோபமும் ஒரு வேலைதான். அதற்கும் தெம்பு வேண்டும். அவர் அடித்ததில்லை, ஏசியதில்லை, ஒரு காசு ஒளித்ததில்லை. அல்லாஹ்வுக்குப் பயந்தார் என்பதைத் தவிர அவர்மேல் சொல்ல ஒரு குற்றமும் இல்லை. ஓடுகிற ஆற்றின் கரையில் இருந்தாலும் ஒளுவுக்கு நீரை அளவு மீறிச் செலவழிக்கக் கூடாதென்று நபிகள் நாயகம் சொன்னதை, அவள் சிறுமியாக ஓதப்போன காலத்திலேயே கேட்டிருக்கிறாள். அவருக்கும் அது தெரியும், அரபியிலேயே தெரியும். தெரிந்தவரிடம் எதைச் சொல்வது?

வியாழக்கிழமை மாலை அவர் வழக்கத்துக்கு முன்பே வந்தார். கையில் ஒரு களிம்புப் புட்டி இருந்தது. அவராகத்தான் சொன்னார். விரல் வெடிப்பிலிருந்து கசிந்த இரத்தம் கப்பல் காகிதங்களில் படுகிறதென்று மேலதிகாரி அவரை டாக்டர் கிருபாநிதியிடம் அனுப்பினாராம். இரத்தம் அசுத்தம் என்று மூஸா நெய்னா அதைக் கழுவுவார். கழுவக் கழுவ வெடிப்பு திறக்கும். திறந்தால் மறுபடி இரத்தம். தன் புண்ணின் சிறு கசிவுக்கு மார்க்கத்தில் மன்னிப்பு உண்டு. அந்த மன்னிப்பை ஏற்றுக்கொள்ள அவருக்குக் கை வரவில்லை. டாக்டர் கையையும் முழங்கையையும் பாதங்களையும் திருப்பிப் பார்த்து, முகத்தில் தோல் உரிந்திருந்ததையும் பார்த்து, "ஐயா குடியிருக்கது கரையிலயா, கடலுக்குள்ளயா?" என்று கேட்டாராம். ஆறும்வரை இவற்றில் எங்கும் தண்ணீர் படக்கூடாது, பட்டால் சீழ் பிடிக்கும் என்றாராம். வீட்டுக்கு வரும் வழியில் மூஸா நெய்னா ஆலிம்சாவையும் பார்த்தாராம்.

"தண்ணி ஆகாதவனுக்குத் தயம்மும்தானேங்கார். சுத்தமான மண்ணுல உள்ளங்கைய ஒருக்க அடிச்சு மொகத்துல தடவணும். இன்னொருக்க அடிச்சு ரெண்டு கையிலயும் தடவணும். அவ்வளவுதான், மூணாவது அடி கெடையாதுன்னு சொன்னாரு." பிறகு, யாருக்கும் கேட்டுவிடக் கூடாதென்பதுபோல் சொன்னார். "மண்ணுல்லா மீரா. நாயும் கோழியும் மிதிச்ச மண்ணு. அத மொகத்துல எப்பிடித் தடவ?"

"அல்லாஹ் சொன்ன மண்ணு. நீங்களும் நானும் சொன்னது இல்ல."

அவர் புட்டியின் மூடியைத் திறந்து, இறுக்கி, மறுபடி திறந்து, சரியாக மூடியிருக்கிறதா என்று பார்த்தார்.

பேச்சித்தாயிடம் ஒரு கூடை மண் வேண்டும் என்று அன்று அந்தியில் சொன்னபோது அவள் இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டாள். இதுவரை தண்ணீர் சுமந்தாயிற்று, இனி மண்ணும் சுமக்க வேண்டுமா என்று கேட்டாள். நாய் நடக்காத இடமாகப் பார்த்து எடுக்கும்படி மீரா உம்மாள் சொன்னாள்.

"நாயி நடக்காத எடம் கடலுக்குள்ளதான் இருக்கு தாயி."

ஆயினும் இருட்டுமுன் கொண்டு வந்தாள். தோட்டத்து மேட்டில் முழங்கை ஆழம் தோண்டி எடுத்ததாகச் சொன்னாள். காய்ந்த, மாவுபோன்ற செம்மண். கூடையின் இடுக்குகளில் வழிந்து அவள் தோளும் புடவையும் சிவந்திருந்தன. அன்றைக்கு ஒரு குடம் தண்ணீரும் கொண்டு வந்திருந்தாள். மீரா உம்மாள் அந்தக் குடத்தை அடுக்களைக்குள் வைத்து, முதல் டம்ளரைப் பேச்சித்தாயிடம் கொடுத்தாள். அவள் அதை அண்ணாந்து குடித்து முடிக்கும்வரை எதிரில் நின்றாள்.

பிறகு மண்ணைச் சல்லடையில் போட்டுத் தாம்பாளத்தில் சலித்தாள். வேர்த்தும்பும் சிறு கல்லும் மேலே நின்றன. சலித்த மண் வழவழப்பாக இருந்தது. ஆனாலும் ஓர் ஓரத்தில் ஏதோ கறுப்பாகத் தெரிந்தது. தாம்பாளத்தைச் சாய்த்து, மண்ணை மறுபடி சல்லடையில் கொட்டப் போனாள். கை பாதியில் நின்றது. தான் என்ன செய்யப் போனோம் என்பது விளங்கியதும், சல்லடையைத் தூக்கிப் பரண்மேல், எளிதில் எட்டாத இடத்தில் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை சுபுஹு பாங்கு ஒலித்தபோது கிணற்றடியில் ஓசை ஒன்றும் இல்லை. கேட்டுப் பழகிய ஓசை இல்லாததால், மாடியில் உவைஸ் காக்கா விழித்து நடப்பதும்கூடக் கேட்டது. மீரா உம்மாள் ஒரு செம்புக் கிணற்று நீரில் ஒளு செய்துகொண்டு உள்கூடத்தின் வாசலுக்கு வந்தாள். மூஸா நெய்னா தாம்பாளத்தின் முன் மண்டியிட்டிருந்தார். பக்கத்தில் சிம்னி விளக்கு. களிம்பு துடைக்கப்பட்ட அவருடைய கைகள் வேறு யாருடைய கைகளையோபோல் முழங்காலின்மேல் கிடந்தன. அவர் உதடுகள் அசைந்தன. வெகுநேரம் அசைந்தன.

பிறகு அடித்தார். மெத்தென்று ஓர் ஓசை, தலையணையில் தட்டியதுபோல. கைகளை முகத்துக்குக் கொண்டுபோனவர், தொடுமுன் தயங்கினார். கண்களை மூடிக்கொண்டு நெற்றியிலிருந்து தாடிவரை ஒரே இழுப்பாகத் தடவினார். உரிந்த தோலில் செம்மண் ஒட்டி, அந்த முகம் அவளுக்குப் புதிதாக இருந்தது. வெயிலில் மண்வெட்டி பிடித்து வேலை செய்துவிட்டு வந்த ஒரு மனிதரின் முகம். இரண்டாவது முறை அடித்தார். வலக்கையை முழங்கைவரை தடவினார். இடக்கையைத் தடவினார்.

முடிந்துவிட்டது. ஆலிம்சாவின் சொற்படி இதற்குமேல் ஒன்றும் இல்லை. பள்ளியில் தொழுகை தொடங்குவதை அறிவிக்கும் இகாமத்துகூட இன்னும் சொல்லவில்லை; அவர் எழுந்து நடந்தால் முதல் வரிசையிலேயே நிற்கலாம். மாடிப்படியில் காக்கா இறங்கி வந்து, பாதிப் படியில் நின்றுவிட்டார்.

அப்போது அந்த மௌனம் வந்தது. கிணற்றடியில் வருகிற அதே மௌனம். மூஸா நெய்னா இடக்கையைத் திருப்பி விளக்கொளியில் நீட்டினார். முழங்கைக்குச் சற்றுக் கீழே சிவப்புப் படாமல் வெளுத்த ஓரிடம் இருந்தது. புளியங்கொட்டை அளவு இருக்கலாம், அல்லது அது விளக்கின் மினுக்கமாகவும் இருக்கலாம். நின்ற இடத்திலிருந்து அவளுக்கும் அது தெரிந்தது. அவள் அதைப் பார்க்காமலிருக்க முயன்றாள். பின்முடுக்கில் பேச்சித்தாயின் காலடியும், குடத்துக்குள் நீர் தளும்பும் ஓசையும் நெருங்கி வந்தன.

அவருடைய வலக்கை முழங்காலைவிட்டு எழுந்தது. தாம்பாளத்தின் செம்மண்ணில் இரண்டு முறை அடித்த விரல்களின் பதிவு, ஒன்றின்மேல் ஒன்றாக, விளிம்பு கலையாமல் இருந்தது. அதற்கு நேர்மேலே அந்தக் கை விரிந்து நின்றது. சிம்னியின் சுடர் அசைந்தபோதெல்லாம், அதன் நிழல் மண்மீது அடித்துக்கொண்டிருந்தது. கை மட்டும் இன்னும் இறங்கவில்லை.