எட்டு மணிக் கடிதம்

அப்பாவின் உடலைக் குளிப்பாட்டக் கொண்டுவந்த நீர்மாலைக் குடத்தை இறக்கிவைத்துவிட்டு மணிகண்டபிரபு ஈரத்துண்டைப் பிழிந்துகொண்டிருந்தான். பசுவந்தனை பஸ் ஸ்டாப்பில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஆசிபா மூச்சிரைக்க வந்தாள். கையில் ஒரு தாள்.

“அண்ணே, இந்த வாரத்துக் கடுதாசி வந்துட்டு. ஐயாவத் தூக்குறதுக்குள்ள குடுத்துரணும்னு ஓடியாந்தேன்.”

அவன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தாளை வாங்கினான். அடப்பாவி, அதை நிறுத்த மறந்துவிட்டானே!

முந்தின நாள் நெஞ்சுவலியில் போய்ச்சேர்ந்த அப்பா சோலைச்சாமிக்குப் போன் பேச்சு ஒத்துவராது. “பேசுனது காத்தோட போயிருதுலே. வாரம் ஒரு கடுதாசி போடு, போதும்” என்று கேட்டிருந்தார். பெங்களூரிலிருந்து ஆசிபா கடைக்கு மெயில் அனுப்பினால், அவள் பிரிண்ட் எடுத்துக் கொடுப்பாள். இரண்டு வாரம் எழுதினான். மூன்றாவது வாரம் சலித்துவிட்டது. கெட்டிக்காரப் பிள்ளையாயிற்றே, ஒரு புரோகிராம் எழுதினான். கொடுத்துவைத்த ஐந்தாறு வரிகளை மாற்றி மாற்றிப் பொறுக்கி, கம்ப்யூட்டரின் மெமரியிலேயே கடிதமாக்கி, மெயிலில் அட்டாச்மென்டாகச் சேர்த்து, ஞாயிறு காலை எட்டு மணிக்கு அது அனுப்பிவிடும். ஃபைலாக எங்கும் சேமிப்பதுகூட இல்லை. இரண்டு வருஷமாக அப்பனுக்கு என்ன போயிற்று என்று மகனுக்கே தெரியாது.

“அவியளுக்கு வாசிச்சுக் காட்டுலே,” என்றாள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா சங்கரம்மாள்.

“வேண்டாம்மா.”

“ஞாயித்துக்கிழமை ஆனா இதுக்குத்தான காத்துக் கெடப்பாவ. வாசி.”

அழுகைச் சத்தம் அடங்கியது. இதை நான் எழுதவில்லை என்று சொல்லிவிடலாம்தான். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. வெட்கங்கெட்டவன், குனிந்து அப்பாவின் காதருகே வாசித்தான்.

“அன்புள்ள அப்பா, உடம்பு எப்படி இருக்கிறது? மாத்திரையை நேரத்துக்குப் போடுங்கள். காடுகரையில் மழை உண்டா?”

“பெத்தா இப்பிடிப் பிள்ளையப் பெக்கணும்,” என்றாள் கூட்டத்தில் ஒருத்தி. ஆசிபா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவனுக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது. இன்னும் இரண்டு வரி பாக்கி. தாளைத் தாழ்த்திக்கொண்டான்.

அப்பாவின் நெற்றிக் காசைச் சரிசெய்துகொண்டே அம்மா சொன்னாள்.

“‘இங்கே வேலை அதிகம். பொங்கலுக்கு வரப் பார்க்கிறேன்.’ அதான மிச்சம்? ரெண்டு வருசமா திரும்பத் திரும்ப இதே வரிதான. அப்பா தாளப் பாக்காமலே சொல்லுவாவ.”

அவன் தாளைப் பார்த்தான். ஓர் எழுத்துப் பிசகவில்லை.