ஏழாவது குழி

நீதிபதி அடித்த பந்து கடலைத் தாண்டியதா, கடலுக்குள் போனதா என்று கழுகுக்குத் தெரியவில்லை. கோல்ஃப் மைதானத்தில் ஆடுகிறவர்களின் பையைச் சுமந்து, பந்து விழும் இடத்தைப் பார்த்துச் சொல்வதுதான் அவர் வேலை. இருபத்தாறு வருஷத்தில் ஒரு பந்தைக்கூடத் தொலைத்ததில்லை என்பதால் வந்த பட்டப்பெயர் கழுகு. இப்போது யாராவது அப்படிக் கூப்பிட்டால் காதில் விழாததுபோல் நடந்துவிடுவார். கண்ணின் நடுவே விழுந்த மறைப்பு எட்டு மாதமாகப் பரந்துகொண்டே வந்தது. டாக்டர் கையை விரித்துவிட்டார். மனைவியைத் தவிர யாரிடமும் அவர் மூச்சு விடவில்லை. முட்டி போன ஒருவரை கிளப் மேலாளர் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியதைப் பார்த்தவராயிற்றே. மகள் படிப்பை முடிக்க இன்னும் ஒரு வருஷம். அதுவரை காதை வைத்தே ஓட்டிவிடலாம் என்றிருந்தார். புல்லில் விழுந்தால் ஒரு சத்தம், பாறையில் பட்டால் வேறு சத்தம். ஏழாவது குழிக்கு மட்டும் பாறை விளிம்பில் நின்று, கடல் புகுந்த பள்ளத்துக்கு மேலே அடிக்க வேண்டும். அந்த அழகுக்காகவே ஊர் ஊராக வந்து படம் எடுத்துப் போவார்கள். கழுகுக்கு அது பாழாய்ப்போன அலை இரைச்சல், அவ்வளவுதான்.

"என்னய்யா, தாண்டிருச்சா?"

"பத்திரமா இருக்கு சார்." வாய் தானாகச் சொல்லிவிட்டது.

பள்ளத்தைச் சுற்றி நடந்து போனார்கள். கழுகு காலால் புல்லைத் துழாவினார். ஓரக்கண்ணில் வெள்ளையாக ஒன்று பட்டதும் போன உயிர் திரும்பியது. "இதோ சார்!" பந்தைத் தொடக்கூடாது என்ற பழக்கத்தில் ஓரடி தள்ளி விறைப்பாக நின்றார். நீதிபதி மட்டையோடு குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இது காளான்யா."

கழுகு குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தார். மெத்தென்று இருந்தது.

"எத்தன நாளா இப்படி?"

"மேனேஜர்கிட்ட மட்டும் சொல்லிராதீங்க சார். ஒரே ஒரு வருஷம்."

"சே, நான் எதுக்குய்யா சொல்லப்போறேன்?"

சொன்ன சொல் தவறாத மனிதர்தான். ஆட்டத்தை அத்தோடு நிறுத்திவிட்டு, பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு கழுகின் கையைப் பிடித்தார். அந்த நல்ல மனசுதான் வினையாகப் போயிற்று.

"கைய விடுங்க சார். கண்ண மூடிக்கிட்டே நடப்பேன் இந்த வழியில."

"பேசாம வாய்யா. விழுந்து கிழுந்து வெச்சா?"

கிளப் வராந்தா நெருங்கியது. அங்கே வேலையாட்களின் பேச்சும் சிரிப்பும் கேட்டுக்கொண்டிருந்தன. ஆடுகிறவர் பை சுமந்து வருவதை அதற்குமுன் யாரும் பார்த்ததில்லை. சிரிப்பு ஒவ்வொன்றாக அடங்கியது. நாற்காலி ஒன்று தரையில் இழுபட்டது. மேலாளரின் ஷூ சத்தம் படியிறங்கி வந்தது. கழுகு கையை உருவப் பார்த்தார். நீதிபதி இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.