சாம்பல் நிறப் பூனை

பட்டறையின் ஷட்டரைத் தூக்கியதும் பூனை கிரீஸ் வந்து காலைச் சுற்றவில்லை. மெக்கானிக் டயர் அடுக்குக்குப் பின்னாலும் கழற்றிப் போட்ட சீட்டுகளுக்கு அடியிலும் குனிந்து பார்த்துவிட்டு, பின்னால் சமையலறையில் இருந்த தங்கையிடம் வந்தான்.

"பாப்பா, நேத்துப் போனது, இன்னும் ஆளைக் காணோம்."

அவள் கரண்டியை அப்படியே வைத்தாள். கணவன் வீட்டிலிருந்து ஒரே பெட்டியோடு வந்து மாதங்களாகியும் அவள் தெருவில் இறங்கியதில்லை. 'எப்பத் திரும்பிப் போறே?' என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயம். பயமில்லாமல் அவள் பேசியது கிரீஸிடம் மட்டும்தான். கிழிந்த காது, பாதி வால், எந்நேரமும் வண்டிக்கடியில் புரளும் சாம்பல் நிறப் பூனை. அவள் வயிற்றில் முதுகை ஒட்டிப் படுத்தால்தான் இருவருக்கும் தூக்கம். நேற்றிரவு அது வரவில்லை, அவளும் தூங்கவில்லை.

"நான் போய்ப் பாக்கறேன்" என்றான் அண்ணன்.

"வெளிய கஸ்டமர் நிக்கறாரு. நானே போறேண்ணே."

செருப்பைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

முதல் கதவைத் தட்டத் தூக்கிய கையை ஒருமுறை இறக்கிவிட்டுத்தான் தட்டினாள். ஆனால் கேள்வி அவளுடையதாக இருந்ததால், அவளைக் கேட்க யாருக்கும் நேரமில்லை. லாண்டரிக்காரர் துணி மூட்டைகளை நகர்த்தித் தேடினார். சைக்கிள் கடைக்காரரின் மனைவி மட்டும், "அட, நீயா? எப்ப வந்தே?" என்றாள்.

"வந்து ரொம்ப நாளாச்சுக்கா. எங்க பூனையப் பாத்தீங்களா?"

அவ்வளவுதான். இத்தனை நாள் தொண்டையில் சிக்கியிருந்தது எவ்வளவு லேசாக வெளியே வந்துவிட்டது என்று அடுத்த வீட்டுக்கு நடக்கும்போதுதான் தோன்றியது.

தெருக்கோடி மாடியில் புதிதாகக் குடிவந்திருந்த பெண் கதவைத் திறந்தாள். முழங்கைவரை கீறல்கள்.

"சாம்பல் கலர்ல ஒரு பூனை..."

"அச்சச்சோ, பாக்கலீங்களே. பாத்திருந்தா நானே தூக்கிட்டு வந்திருப்பேன். எங்கிட்ட இருக்கறது வெள்ளை. நேத்துதான் ரோட்டுலேருந்து எடுத்துட்டு வந்தேன். பாவம், நாதியத்தது. ஷாம்பு போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சுக் குளிப்பாட்டினேன், உடம்பு பூரா ஒரே கிரீஸு!"

தன் பெயரைக் கேட்டதும், உள்ளே கட்டிலுக்கடியிலிருந்து ஒரு 'மியாவ்' பதில் வந்தது.

பளீரென்ற வெள்ளையில், பாதி வாலைத் தூக்கிக்கொண்டு, ஊரே தனக்கு இழைத்த அவமானத்தைப் புகார் சொல்லியபடி வந்தது கிரீஸ். அவள் அப்படியே உட்கார்ந்து அதை வாரி எடுத்தாள். ஷாம்பு மணத்தது. இத்தனை நாளும் வெள்ளையாகவா இருந்தாய்?

மாடிவீட்டுப் பெண்ணின் முகம் வெளிறியது.

"உங்களுதா? ஐயோ, மன்னிச்சுடுங்க. காது கிழிஞ்சு, அழுக்கா... யாருமில்லேன்னு நெனச்சுட்டேன்." கதவைக் காட்டினாள். "ராத்திரி பூரா கதவையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. நான்தான் புரிஞ்சுக்கல. இந்த ஊர்ல எனக்கு ஒருத்தரையும் தெரியாது. நேத்து இதுகிட்டதான் வாய்விட்டுப் பேசினேன்."

கோபப்பட வேண்டிய இடம்தான். ஆனால் அந்தப் பேச்சு எப்படிப்பட்டதென்று அவளுக்குத் தெரியும்.

"நல்லாக் கேக்கும், இல்ல?" என்றாள். "பதில்தான் சொல்லாது. வாங்க, பட்டறை பக்கத்துலதான். எங்க அண்ணனும் இதைப் பாக்கட்டும்."

இருவருமாகத் தெருவில் நடந்து வந்தார்கள். காருக்கடியிலிருந்து அண்ணன் தலையை நீட்டினான். பூனையை மேலும் கீழும் பார்த்தான்.

"இது யாரு வீட்டுப் பூனை பாப்பா?"

முதலில் வெடித்தது மாடிவீட்டுப் பெண்ணின் சிரிப்பு. பிறகு தங்கையும் அடக்கமுடியாமல் சிரித்தாள், நடுத்தெருவில், பூனையைத் தோளில் போட்டபடி. பின்னால் ஒரு ஸ்கூட்டர் ஹாரன் அடித்தது. இருவரும் உடனே நகரவில்லை.