காகத்துக்கு வைத்த சோறு

நகுலேஸ்வரன் வாய் திறந்து ஒரு முழு வசனம் பேசிக் கேட்டவர்கள், அவர் குடியிருக்கிற நோத்ர-டாம்-த-கிரேஸ் பக்கம் மிகக் குறைவு. "ஓம்", "பாப்பம்", "வைச்சிட்டுப் போம்" என்ற மூன்றோடு ஒரு நாளை ஓட்டிவிடக்கூடிய மனுசன். காலமெல்லாம் துறைமுகத்தில் இரவு வேலை செய்துவிட்டுப் போன வருடம்தான் ஓய்வு பெற்றார். இனியாவது மனுசன் வீட்டில் இருப்பார், இருந்து இரண்டு கதை கதைப்பார் என்று அவருடைய மனைவி அஜந்தா நம்பியிருந்தாள். இருந்தார். கதைக்கத்தான் இல்லை. கதவைச் சத்தமில்லாமல் சாத்துவார். தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தது கூடக் கேட்காது. தன் சொந்த வீட்டுக்குள் கள்ளன் மாதிரி நுனிக்காலில் நடப்பார். இப்படி ஒரு ஊமைக் கோட்டானோடு எத்தனை நாளைக்குத்தான் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பது?

கோயில் ஐயர் சாதகத்தை விரித்துப் பார்த்துவிட்டு, ஏழரைச் சனி என்றார். சனி அவருடைய நாக்கில்தான் குந்தியிருக்கிறது என்று அஜந்தா முடிவுகட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து புரட்டாதிச் சனிக்கிழமை ஒன்று விடாமல் விரதம். எள்ளெண்ணெய் விளக்கு எரித்து, எள்ளுச் சோறு காய்ச்சி, பால்கனியில் காகத்துக்கு வைப்பாள். சனீஸ்வரனின் வாகனம் அல்லவா? காகம் வந்து எடுத்த பிறகுதான் தன் வாயில் ஒரு பருக்கை. காகம் வருவதற்குள் அணில் வந்துவிடும். தடியால் அணிலைக் கலைத்துக்கொண்டு, பசி மயக்கத்தோடு, "அவரைக் கதைக்கப் பண்ணு அப்பனே" என்று குளிரில் நின்று கும்பிடுவாள்.

அப்படி இருக்கும்போதுதான் அல்பேட் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டான். அல்பேட் அவரோடு துறைமுகத்தில் வேலை செய்தவன். வருடா வருடம் இலையுதிர் காலத்தில் இரண்டு பேரும் வடக்கே போய், ஆற்றில் கனூ என்கிற ஒடுங்கிய துடுப்புப் படகை இறக்கி, ரோட்டு இல்லாத, விளக்கு இல்லாத காட்டுக்குள் கூடாரம் அடித்து இருந்துவிட்டு வருவார்கள். முழங்காலில் சத்திரசிகிச்சை செய்து படுத்திருந்தவனை அஜந்தா பார்க்கப் போன இடத்தில் அவன் சொன்னான்:

"அண்ணை காட்டுக்கை வந்தால் வாய் ஓயாது அக்கா. விறகு பொறுக்கேக்கையும் கதை, தண்ணி அள்ளேக்கையும் கதை."

"ஆரு, இவரோ?" என்றாள் அஜந்தா. "என்னத்தைக் கதைக்கிறவர்?"

"ஆர் கண்டது? தனியப் போய்த்தான் கதைப்பார். நான் கிட்டப் போனால் நிப்பாட்டிப்போடுவார்."

வீட்டுக்கு வரும் வழி முழுக்க மெட்ரோவில் அவளுக்கு வயிறு எரிந்தது. மரத்துக்கும் மட்டைக்கும் இருக்கிற கொடுப்பனவு எனக்கு இல்லையா? தன்னோடு பங்குபோட முடியாத கதையை மனுசன் காட்டுக்குக் கொண்டுபோய்க் கொட்டுகிறாரே! ரொறன்ரோவில் இருக்கிற மகள் தனுஷா எப்போது போன் எடுத்தாலும், "வீட்டுக்குக் கீழை பேஸ்மென்ற் சும்மா கிடக்குதம்மா, வந்து இருங்கோவன்" என்பாள். அன்றிரவே அஜந்தா தன் சீலைகளை ஒரு பெட்டியில் அடுக்கிக் கட்டிலுக்குக் கீழே தள்ளினாள். ஒருதரம் அந்தக் காட்டுக்குப் போய்ப் பார்ப்பது. அங்கேயும் தன்னோடு கதைக்காவிட்டால், திரும்பி வந்த கையோடு ரொறன்ரோ. இது பிள்ளையார் மேல் சத்தியம்.

"இந்த முறை அல்பேட்டுக்குப் பதிலாய் நான் வாறன்," என்றாள்.

நகுலேஸ்வரன் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"குளிரும்," என்றார்.

அவ்வளவுதான்.

தார் ரோட்டு முடிந்து, கிரவல் ரோட்டும் முடிந்த இடத்தில் ஆறு இருந்தது. கனூவில் அவள் முன்னுக்கு, அவர் பின்னுக்கு. துடுப்பு தண்ணீரில் இறங்கும், ஏறும். சும்மா சொல்லக்கூடாது, அந்த ஆறு அவளை ஏதோ செய்துவிட்டது. காலையில் வெண்புகார் தண்ணீரோடு ஒட்டிக் கிடந்தது. கனூ எதன் மேல் போகிறது என்றே தெரியவில்லை. மஞ்சள் இலைகள் ஒவ்வொன்றாய் மிதந்து வந்து, கனூவுக்கு வழிவிட்டு ஒதுங்கின. கரையில் நிற்கிற மரம் எது, தண்ணீருக்குள் தலைகீழாய் நிற்கிற மரம் எது என்று பிரித்தறிவதை அவள் மத்தியானத்தோடு கைவிட்டாள். எங்கேயோ ஒரு லூன் பறவை நீளமாய்க் கூப்பிட்டது. பதிலுக்கு இன்னொன்று, நெடுநேரம் யோசித்துவிட்டு, தூரத்திலிருந்து கூப்பிட்டது. பறவைகள்கூட ஒன்றுக்கொன்று மறுமொழி சொல்லுகின்றன என்று நினைத்தபோது அவளுக்குக் கண் கலங்கியது. பின்னால் இருந்தவர் மூச்சுக்கூட விடவில்லை.

முதல் நாள் போனது. அடுத்த நாளும் போனது. நெருப்பு மூட்டினார், தறப்பாள் கட்டினார், அவளுக்குக் குளிருமென்று தன் கம்பளிக் காலுறையை எடுத்து நீட்டினார். எல்லாம் செய்தார். வாயை மட்டும் கட்டி வைத்திருந்தார். ஒரேயொரு தரம்தான் நீளமாய்ப் பேசினார். அதுவும் சாப்பாட்டைப் பற்றி.

"சாப்பாட்டுச் சாமான் ஒண்டும் வெளியிலை கிடக்கக்கூடாது. ஒரு பருக்கையும் சிந்தக்கூடாது. கரடி மணந்து வரும்."

சாப்பாடு எல்லாவற்றையும் ஒரு நீலப் பீப்பாவில் அடைத்து மூடி, கூடாரத்துக்குத் தூரத்தில் கயிறு போட்டு மரத்தில் தூக்கிவிட்டார். அஜந்தாவும் தலையாட்டினாள். ஆனால் அடுத்த நாள் சனிக்கிழமை. புரட்டாதிச் சனி. அதை அவரிடம் அவள் சொல்லவில்லை.

விரதம் என்றால் முழுகாமல் முடியுமா? ஆற்றில் ஒரு முழுக்குப் போட்டதில் பல் எல்லாம் தாளம் போட்டது. "அப்பனே, இதுக்காவது இரங்கு" என்று நடுங்கிக்கொண்டே திருநீறு பூசினாள். விறகு பொறுக்க அவர் காட்டுக்குள் போன நேரம் பார்த்து, பீப்பாவை இறக்கி, கரட்டும் போஞ்சியும் கறி வைத்து, எள்ளு வறுத்துப் போட்டுச் சோறு காய்ச்சினாள். வாழையிலைக்கு எங்கே போவது? விழுந்து கிடந்த பேர்ச் மரத்துப் பட்டை ஒன்று வெள்ளையாய்ச் சுருண்டிருந்தது. அதை விரித்து, சோற்றைப் படைத்து, ஆற்றோரத்துத் தட்டைப் பாறையில் வைத்துவிட்டுக் கூப்பிட்டாள்.

"கா... கா... கா..."

ஊசியிலை மரத்து உச்சியில் ஒரு அண்டங்காகம் இருந்தது. குனிந்து சோற்றைப் பார்த்தது. அஜந்தாவைப் பார்த்தது. தொண்டைக்குள்ளே என்னவோ முணுமுணுத்துவிட்டு எழும்பிப் போய்விட்டது. இந்தக் காட்டில் எதுவும் எனக்கு முகம் கொடுக்காது என்று அவள் பாசியின் மேல் சாய்ந்து, காத்துக் கிடந்தாள். வெறும் வயிறு. வெயில் இளஞ்சூடாய் முகத்தில் விழுந்தது. ஆறு கல்லுகளுக்கு இடையில் ஓடுகிற சத்தம், அடுத்த அறையில் யாரோ மெதுவாய்க் கதைப்பதுபோல் இருந்தது. சொல் விளங்கவில்லை, குரல் மட்டும் கேட்டது. கேட்டுக்கொண்டே கண்ணயர்ந்துவிட்டாள்.

கண் விழித்தபோது பாறையில் கறுப்பாய் ஒன்று சோற்றுக்குக் குனிந்திருந்தது. வந்துவிட்டதே! எவ்வளவு பெரிய காகம் என்று அவள் கை கூப்பியே விட்டாள். பிறகுதான் அந்தக் காகத்துக்குக் காது இருப்பதைக் கண்டாள்.

"அஜந்தா." பின்னாலிருந்து நகுலேஸ்வரனின் குரல், அமைதியாய் வந்தது. "மெல்ல எழும்பும். ஓடாதையும். என்னட்டைப் பின்பக்கமாய் வாரும். கதைச்சுக்கொண்டு வாரும்."

"க... கதைக்கிறதோ? ஆரோடை?"

"என்னோடைதான். மனுசர் நிக்கினம் எண்டு அதுக்குத் தெரியவேணும். நிப்பாட்டாமல் கதையும்."

வாழ்நாள் முழுக்கக் கதை கதை என்று அலைந்தவளுக்கு அந்த நேரம் பார்த்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தட்டுத்தடுமாறி அவர் பக்கத்தில் போய் நின்றாள். அவர் அவளைத் தன் பின்னால் இழுத்து விட்டுவிட்டு, விறகுக் கட்டோடு நின்றபடி, கரடியைப் பார்த்துக்கொண்டு கதைக்கத் தொடங்கினார்.

"அஜந்தா, துறைமுகத்திலை ஒருநாள் விடியப்புறம் நரி ஒண்டு கண்டனான். செம்மஞ்சள் நரி. கொள்கலன் அடுக்கின உச்சியிலை, பனிக்கை, ராசா மாதிரி இருந்தது. உமக்குச் சொல்லவேணும் எண்டு ஓட்டமாய் ஓடி வந்தன். நீர் நித்திரை. தனுஷாவுக்கு முதல் பல்லு விழுந்ததும் நான் வேலையாலை வரேக்கைதான். அதைக் கையிலை வைச்சுக்கொண்டு கட்டிலடியிலை நிண்டன். நீர் நித்திரை. விடிய எழும்பி, பிள்ளை பராமரிக்கிற கார்தெரியிலை ஊரான் பிள்ளையளோடை மாரடிக்கப் போறவள், பாவம், படுக்கட்டும் எண்டு விட்டிட்டன். நீர் ஊரிலையிருந்து வந்திறங்கின அண்டைக்கு விமானநிலையத்திலை பச்சைச் சீலையோடை நிண்டீர். நல்ல வடிவாய் இருக்கிறீர் எண்டு சொல்ல வாயெடுத்தன். பக்கத்திலை அல்பேட் நிண்டவன், வெக்கமாய்ப் போச்சு. பேந்து சொல்லுவம் எண்டு விட்டது, பேந்து நான் வீட்டை இருக்கிற நேரமெல்லாம் நீர் நித்திரை, நீர் முழிச்சிருக்கிற நேரமெல்லாம் நான் நித்திரை..."

"எழுப்பியிருக்கலாமே, மனுசா!"

அஜந்தா போட்ட கத்தலில் ஆற்றின் அக்கரையும் அதையே திருப்பிக் கத்தியது. கரடி திடுக்கிட்டுத் தலையைத் தூக்கியது. மூக்கில் எள்ளு ஒட்டியிருந்தது. அவளை ஒரு மாதிரிப் பார்த்தது. பிறகு மரப்பட்டையையும் வாயில் கவ்விக்கொண்டு, ஏன் வீண் வம்பு என்பதுபோல் காட்டுக்குள் போய்விட்டது.

அவள் பாறையடியில் அப்படியே இருந்து அழத் தொடங்கினாள்.

"எழுப்பியிருக்கலாமேயப்பா! ஒரு பல்லுக்கு எழுப்பினால் நான் செத்தே போவன்? நான் மட்டும் என்ன? நீங்கள் பகலிலை படுக்கிறியள் எண்டு, லீவு நாளிலை குக்கரை ஒருநாள் விசிலடிக்க விட்டிருப்பனோ? பிள்ளையை வெளியிலை கொண்டுபோய்த்தான் சிரிக்க விட்டனான். இப்ப ஆரப்பா வீட்டிலை நித்திரை?"

"ஒருத்தரும் இல்லை," என்றார் நகுலேஸ்வரன். "பழகிப்போச்சு."

அவள் மூக்கைச் சிந்தினாள். வெறுமையாய்க் கிடந்த பாறையைப் பார்த்தாள்.

"காகத்துக்கெண்டு வைச்சனான்," என்றாள் குற்றவாளி மாதிரி. "உங்கடை சனி விலகவேணும் எண்டு."

நகுலேஸ்வரன் பாறையைப் பார்த்தார், காட்டைப் பார்த்தார். அவருடைய வயிறு முதலில் குலுங்கியது.

"சனீஸ்வரன் வாகனத்தை மாத்திப்போட்டார் போலை," என்று சொல்லிவிட்டு, விறகுக் கட்டைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்தால் எப்படி இருக்கும் என்பதையே அவள் மறந்துபோயிருந்தாள்.

சோற்று ருசி கண்ட கரடி திரும்பி வரும். அந்த இடத்தில் இனி இருக்க முடியாது. மூட்டை முடிச்சைக் கட்டிக் கனூவில் ஏற்றி, இரண்டு வளைவு தாண்டி அக்கரைக்குப் போனார்கள். வழியில் மறுபடி பழைய குருடி கதவைத் திறடி என்றாகிவிட்டது. அவள் முன்னுக்கு, அவர் பின்னுக்கு, துடுப்புச் சத்தம் மட்டும். அஜந்தாவுக்கு மனம் விட்டுப்போனது. கரடிக்குப் பயந்து கதைத்த கதைதானா? வீட்டில் என்ன, கரடியா வளர்க்க முடியும்? சீலைப் பெட்டியை நினைத்துக்கொண்டாள். தனுஷாவின் பேஸ்மென்றில் யன்னல் சின்னது என்பதையும் நினைத்துக்கொண்டாள்.

கூடாரம் அடித்து முடிந்ததும் அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குப் போனார். பொழுது சாய்கிற நேரம். பேர்ச் மரங்களுக்கு இடையில் பொன்னிறமாய் வெளிச்சம் கிடந்தது. இலை ஒன்று விழுந்தாலும் கேட்கிற அமைதி. அந்த அமைதிக்குள் ஒரு குரல். ஆறுதான் கதைக்கிறது என்று முதலில் நினைத்தாள். அது சொல்லாய் வந்தது.

"அஜந்தா, இந்த ஆறு வளையிற இடத்தை உமக்குக் காட்டவேணும் எண்டு எத்தினை வரியமாய் நினைச்சன். இண்டைக்கு நீர் முன்னுக்கு இருந்து பாத்தீர். எனக்கு அது காணும்..."

அல்பேட் கேட்ட கதை இதுதான். மரத்தோடும் இல்லை, மட்டையோடும் இல்லை. இந்த மனுசன் இத்தனை வருடமும் காட்டுக்கு வந்து, அவள் இல்லாத இடத்தில், அவளோடுதான் கதைத்துக்கொண்டிருந்திருக்கிறார். ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது. கால் எழும்பியும் விட்டது. கிட்டப் போனால் நிப்பாட்டிப்போடுவார் என்று அல்பேட் சொன்னது ஞாபகம் வந்து, மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கட்டிலுக்குக் கீழை சீலைப் பெட்டியைக் கண்டனான், அஜந்தா. ரொறன்ரோவுக்குத்தான் எண்டு விளங்கினது. போகாதையும் எண்டு சொல்லவேணும். அதைத்தான் இங்கை சொல்லிப் பாக்கிறன். உமக்கு முன்னாலை வந்தால் வாய் வரமாட்டன் எண்டுது..."

ஒரு கதை சொல்லுகிறவருக்கு என்ன வேண்டும்? எதிரில் இருந்து ஒருவர் ம் கொட்ட வேண்டும், அவ்வளவுதானே. அஜந்தா மரத்துக்கு இந்தப் பக்கம் நின்றபடியே சொன்னாள்:

"ம்."

குரல் நின்றது. வாளித் தண்ணீர் தளும்புகிற சத்தம். லூன் பறவை ஒருதரம் கூப்பிட்டது.

"அங்கையோ நிக்கிறீர்?" என்று மரங்களுக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டது.

"ம்."

"அப்ப... எல்லாம் கேட்டதோ?"

"ம். நான் முழிச்சுத்தான் இருக்கிறன்," என்றாள் அஜந்தா. "நீங்கள் மிச்சத்தைச் சொல்லுங்கோ."